சென்னைக்குப் போக தூத்துக்குடிக்கு பஸ் ஏறிய கதை

மேப்பைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். விருதுநகரை ஒட்டி சூலக்கரை. சென்னை இருப்பது வடக்கே. தூத்துக்குடி இருப்பது தெற்கே, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி. சென்னைக்குப் போக வேண்டிய ஒரு பெண் காலையில் எழுந்து குளித்து, டிராலி பேக்கை இழுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினால் என்ன சொல்வீர்கள்? வழி தெரியாதவள் என்றுதானே?

அவளுக்கு வழி நன்றாகவே தெரியும். காரணம் ரயில்வே கோட்டா.

முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியில் இரவு கிளம்பி, மணியாச்சி, கோவில்பட்டி, சாத்தூர் வழியாக விருதுநகர் வந்து, மதுரை தாண்டி, விடிந்ததும் சென்னை எழும்பூர் போய்ச் சேரும். கிளம்புகிற ஊருக்கு ஒதுக்கும் படுக்கைகள் அதிகம். நடுவில் இருக்கிற ஊர்களுக்குக் கம்மி. அதனால் விருதுநகர் என்று போட்டால் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும் அதே ரயில், தூத்துக்குடி என்று போட்டால் சமர்த்தாக கன்ஃபர்ம் காட்டும். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். டிக்கெட்டை தூத்துக்குடியிலிருந்து எடுத்துவிட்டு, ஏறும் இடத்தை மட்டும் விருதுநகர் என்று முன்கூட்டியே மாற்றிக்கொள்வார்கள். ஆன்லைனிலேயே முடிந்துவிடும் வேலை, அதற்குத் தனியாகக் காசும் கிடையாது.

ஆனால் இந்தப் பெண் மாற்றவில்லை.

"அப்ப தூத்துக்குடி போய்த்தான் ஏறணுமா பாப்பா?" என்று அப்பா கேட்டபோது, "ஆமாப்பா, வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டாள். பொய்தான். ஏன் சொன்னாள் என்பது பிறகு.

அப்பா லாரி டிரைவர். சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றி தூத்துக்குடி துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவார். பத்தொன்பது வருஷமாக அதே ரூட். எத்தனை நூறு தடவை தூத்துக்குடி போயிருப்பார் என்று அவருக்கே கணக்கு தெரியாது. ஆனால் தூத்துக்குடியில் என்ன பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மூன்றே மூன்றுதான் சொல்வார். எடை மேடை, யார்டு, கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. மாதா கோயில்? "லாரில போகும்போது கோபுரம் தெரியும்." கடற்கரை? "அதான் காத்து அடிக்குமே."

மகள் பி.காம் முடித்து, சி.ஏ. இன்டர் எழுதிப் பாஸாகி, சென்னையில் ஆர்ட்டிகிள்ஷிப் சேரப் போகிறாள். வீட்டில் முதல் பட்டதாரி. படித்ததெல்லாம் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி. அப்பாவோடு ஒரு முழு நாள் உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்தால் ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது தூங்குவார், முழித்திருக்கும்போது ரோட்டில் இருப்பார். இனி ரெண்டு வருஷம் சென்னை. ஒரு நாள் கிடைத்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. அந்தப் பொய்க்குக் காரணம் இவ்வளவுதான்.

பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை. அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து தூத்துக்குடி பஸ். பந்தல்குடி, எட்டயபுரம் என்று போகும் அந்த நேர் ரோட்டில் இரண்டு பக்கமும் கரிசல் காடு. பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றதும் அப்பா கேட்டார், "போர்டுல என்ன போட்டிருக்கு பாப்பா?" கொட்டை எழுத்தில் தூத்துக்குடி என்று போட்டிருந்தது. வெயில் கூசுகிறது போல என்று நினைத்துக்கொண்டு வாசித்துச் சொன்னாள்.

எட்டயபுரம் தாண்டும்போது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே ஒரு பாலம், இங்கே ஒரு புளியமரம், இங்கே நைட்டு ரெண்டு மணிக்கும் டீ கிடைக்கும். பார்த்துச் சொல்கிறாரா, மனப்பாடமாகச் சொல்கிறாரா என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

தூத்துக்குடியில் இறங்கியதும் டிராலி பேக்கை அப்பாவுக்குத் தெரிந்த டயர் கடையில் வைத்தாயிற்று. கடைக்காரர் இல்லை, பையன்தான் இருந்தான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

முதலில் பனிமய மாதா கோயில். வெள்ளை வெளேரென்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முகப்பு. இப்போதிருக்கும் கோயில் 1713ல் திறக்கப்பட்டது. 1982ல் பசிலிக்கா அந்தஸ்து. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 5ம் தேதி திருவிழா. குறிப்பிட்ட சில வருஷங்களில் மட்டும் தங்கத்தேர் ஓடும், கடைசியாக 2023ல் ஓடியது. மாதா சிலை மணிலாவிலிருந்து கடல் வழியாக வந்தது என்பார்கள். பனியே விழாத ஊரில் பனிமாதா! தூத்துக்குடி வெயிலில் நின்று யோசித்தால் அந்தப் பெயரே கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும்.

உள்ளே போகும்போது படியில் அப்பாவின் கால் தட்டியது. "செருப்பில்லாம நடந்து பழக்கமில்ல" என்று சிரித்தார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெறுங்காலில் நடந்து போகிற மனுஷர்! அவள் அதையும் விட்டுவிட்டாள். உள்ளே ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மாரியம்மன் கும்பிடும் அப்பா, மாதா முன்னால் கண்ணை மூடி நிறைய நேரம் கும்பிட்டார். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டதற்கு, "உனக்குத்தான்" என்றார். முழு உண்மையில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது பழைய துறைமுகப் பக்கம். இங்கே காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன பாடம் இருக்கிறது. கம்பெனி லா புத்தகத்தில் வராதது. 1906ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை இந்த ஊரில் சுதேசி நாவாய்ச் சங்கம் ஆரம்பித்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே வெள்ளைக்காரக் கம்பெனி கப்பல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் கலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து விட்டார். போட்டிக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் பயணிகளுக்குக் குடை இலவசமாகக் கொடுத்ததாகச் சொல்வார்கள். (இன்றைக்கு ஆஃபர் போட்டு எதிரியை அழிக்கிற கம்பெனிகளெல்லாம் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, மக்களே!)

1908ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். மார்ச்சில் கைது. 40 வருஷ தண்டனை, பிறகு குறைக்கப்பட்டது. கோவை ஜெயிலில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911லேயே கலைத்து, கப்பலை விற்றுவிட்டார்கள். 1936ல் இதே தூத்துக்குடியில் இறந்தார். 2011ல் துறைமுகத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

மகள் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "வெளிய வந்த பெறகு சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு?"

"கடை வச்சாரு. சென்னைல சில்லறை வியாபாரம். ரொம்பக் கஷ்டம்தான்பா."

"கப்பல் ஓட்டுனவரு" என்று மட்டும் சொன்னார் அப்பா. கொஞ்ச நேரம் வேறெதுவும் பேசவில்லை.

மத்தியானம் ஓட்டல். தூத்துக்குடிக்கு வந்து பரோட்டா சாப்பிடாமல் போனால் பாவம். ஆனால் இவர்கள் விருதுநகர் ஆட்கள். எண்ணெயில் பொரித்த பரோட்டாவை மொறுமொறுவென்று பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றி வளர்ந்த நாக்கு. "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று அப்பா இழுத்ததிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மக்ரூன் விஷயத்தில் மட்டும் விருதுநகர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு. மூன்றே சரக்கு. கூம்பு கூம்பாக, வாயில் வைத்தால் பொரபொரவென்று கரைகிறது. போர்த்துக்கீசியர் காலத்து சங்கதி என்று ஊருக்குள் பேச்சு. ஹாஸ்டல் ரூமில் உள்ளவர்களுக்கு என்று ஒரு பாக்கெட் வாங்கினாள். அப்பாவுக்கு சர்க்கரை இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் கொடுத்தாள். அதையும் பாதி பாதியாக ரெண்டு தடவை சாப்பிட்டார்.

"இப்ப எங்க போகணும்னு நீங்க சொல்லுங்கப்பா. காலைல இருந்து நான்தானே கூட்டிட்டுப் போறேன்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஹார்பர் கேட்டுக்குப் போவோமா? உனக்குக் காட்டுறேன்."

புதுத் துறைமுகம் ஊருக்கு வெளியே இருக்கிறது. 1974ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. போகிற வழியெல்லாம் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளைக் குவியல். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, தமிழ்நாட்டில் தூத்துக்குடிதான் முதலிடம். தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அப்பா திரும்பிப் பார்த்தார். சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி வண்டி என்று சொன்னார்.

உள்ளே போக பாஸ் வேண்டும். கேட்டுக்கு வெளியேதான் நிற்க முடிந்தது. ஜப்பானில் கோபே, யோகோஹாமா மாதிரி ஊர்களில் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க பூங்கா, கோபுரம், படகு என்று வைத்திருக்கிறார்கள். ரயில் ஏறுமுன் ரெண்டு மணி நேரம் இருந்தால் போய்விட்டு வரலாம். தூத்துக்குடிக்கும் அந்த ஊர்களுக்கும் வயசில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் வேடிக்கை. கோபேயையும் ஒசாகாவையும் ரயில் இணைத்தது 1874ல். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876ல். அப்போதெல்லாம் கொழும்புக்குப் போகிறவர்கள் மெட்ராஸில் ரயில் ஏறி தூத்துக்குடியில் இறங்கிக் கப்பல் பிடிப்பார்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்த வழி தனுஷ்கோடிக்குப் போய்விட்டது.

கோபேக்கும் சிவகாசிக்கும் ஒரு சொந்தம்கூட உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் விற்ற தீப்பெட்டிகளில் பெரும்பகுதி ஜப்பான், ஸ்வீடன் சரக்கு. ஜப்பானில் தீப்பெட்டித் தொழிலின் மையம் கோபே வட்டாரம். இந்தியாவில் விற்பதற்காக லேபிளில் நம்ம ஊர் சாமி படங்களை அங்கேயே அச்சடித்து அனுப்பினார்கள். 1922ல் இறக்குமதி வரி ஏறியது. அதே வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். கப்பலில் வந்து இறங்கிய தீப்பெட்டி, இப்போது கப்பல் ஏறிப் போகிறது. ஏற்றிக்கொண்டு போகிறவர்களில் ஒருவர்தான் இந்த அப்பா.

"சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க பாரு, கீழ நாலுன்னு நம்பர் போட்டு. அது நம்ம சரக்கு. தீப்பிடிக்கிற சரக்குன்னு அர்த்தம். 1944ன்னு ஒரு நம்பரும் இருக்கும்."

மகளுக்கு ஆச்சரியம். சேஃப்டி மேட்சஸ் என்றால் யூஎன் நம்பர் 1944, கிளாஸ் 4.1 என்று அவளும் எங்கோ படித்திருக்கிறாள். அப்பா அதை எங்கும் படிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக முதுகுக்குப் பின்னால் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறார்.

"அந்தா கன்டெய்னர்ல இருக்கு பாருங்க!" என்று அவள் கை நீட்டினாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு லாரி நின்றது. ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது.

அப்பா பார்த்தார். "எங்க?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது.

"வாங்கண்ணாச்சி! என்ன, நாலு மாசமா ஆளையே காணோம்? வண்டிய விட்டுட்டீயளாமே, கிளீனர் பய சொன்னான். கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

அப்பா மகளைப் பார்க்கவில்லை. மகளும் எதுவும் கேட்கவில்லை. ரெண்டு டீ வந்தது, ஒன்று சீனி இல்லாமல். டீக்கடைக்காரர் மகளிடம், "உங்கப்பாவ மாதிரி ஒரு டிரைவர் இந்த ரோட்டுல கெடையாது தாயி" என்று சொல்லி காசு வாங்க மறுத்துவிட்டார்.

பக்கத்தில் ஹார்பர் பீச். கடலைப் பார்த்து ஒரு இடத்தில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் ரெண்டு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நிறைய நேரம் கழித்து அப்பாதான் ஆரம்பித்தார்.

"நைட்ல எதிர்க்க வர்ற லைட்டு பூப்பூவா தெரியும் பாப்பா. மத்தாப்பு கணக்கா. முதல்ல கண்ணாடிதான் அழுக்குன்னு நெனச்சேன். தொடச்சுத் தொடச்சுப் பார்த்தேன். கார்த்திகை மாசம் எட்டயபுரம் பக்கத்துல ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. தெரியவே இல்ல. சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுச்சு. ஆடா இருந்ததால போச்சு."

மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறது, லேசர் செய்ய வேண்டும், போன பார்வை முழுசாக வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி. கனரக வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், டாக்டர் சர்டிபிகேட் வேண்டும்.

"புரோக்கர்ட்ட குடுத்தா கண்ணு நல்லா இருக்குன்னு எழுதி வாங்கிரலாம்னு நாலு பேரு சொன்னாங்க. எல்லாரும் பண்றதுதான்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். பின்னாடி கெடக்கிறது தீப்பெட்டி. முன்னாடி வர்றது யாரு பெத்த புள்ளையோ."

அப்புறம்? விருதுநகரில் ஒரு பருப்பு குடோனில் நைட் வாட்ச்மேன். சம்பளம் பாதி. அம்மாவுக்குத் தெரியும். மகளுக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டார். மதுரைக்கு போன் பேசும்போதெல்லாம், "இப்பதான் லோடு இறக்கினேன்" என்று சொன்னதெல்லாம் குடோன் வாசலில் உட்கார்ந்து சொன்னது.

"எனக்கு ஏம்பா சொல்லல?"

"சொன்னா நீ சென்னை போவியா? விருதுநகர்லயே ஏதாவது கடைல கணக்கெழுத உக்காந்துருப்ப."

அவளால் மறுக்க முடியவில்லை. உண்மை அது. ஆர்ட்டிகிள்ஷிப்பில் கிடைக்கப்போகிற ஸ்டைபண்டை விட சென்னை ஹாஸ்டல் வாடகை அதிகம். மீதியை அப்பா அனுப்புவார் என்ற கணக்கில்தான் இந்தப் பயணமே. இப்போது அந்தக் கணக்கின் வரவுப் பக்கத்தில் பாதி இல்லை.

பேக்கிலிருந்து பேனா எடுத்தாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் தனி கட்டில் வேண்டாம், நாலு பேர் ரூம் போதும். ஞாயிறு ரெண்டு ட்யூஷன் எடுக்கலாம். அப்பாவிடமிருந்து மாசம் இவ்வளவு போதும். எழுதி முடித்துப் பார்த்தால் கொஞ்சம் துண்டு விழத்தான் செய்தது. ஆனால் மூழ்கிப்போகிற அளவுக்கு இல்லை.

"நான் போறேம்பா. ஆனா ஒரு கண்டிஷன். லேசர தள்ளிப்போடக் கூடாது. என் ஹாஸ்டல் காசு அதுக்கப்புறம்தான். ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க அம்மாவ."

"சரி."

"நெசமா?"

"இனிமே எதுக்குப் பொய்?"

அப்போதுதான் அவளுக்குத் தன் பாக்கி ஞாபகம் வந்தது. "யப்பா, நானும் ஒண்ணு சொல்லணும். இந்த டிக்கெட்டுக்கு தூத்துக்குடிலதான் ஏறணும்னு கெடையாது. விருதுநகர்லயே ஏறிக்கலாம். மாத்திக்கலாம்."

அப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்."

"எப்படி?"

"குடோன்ல லோடுமேன் ஒருத்தன் மகன் சென்னைல இருக்கான். அவன் இப்படித்தான் ஏறுவான். உங்கம்மாகூட கேட்டா, ஏன் வீணா அலையணும்னு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"நீ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் வந்தேன்."

காமர்ஸ் ஆட்களுக்காக: ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பொய். டேலி ஆகிவிட்டது.

டயர் கடையில் பேக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வந்தார்கள். அப்பா விருதுநகருக்கு ஒரு ஜெனரல் டிக்கெட் எடுத்துக்கொண்டார். அதே ரயில்தான். அவளுக்கு ஸ்லீப்பர், அவருக்கு முன்பதிவில்லாத பெட்டி. "நீ உன் பெட்டில ஏறு, நான் என் பெட்டில ஏறுறேன், ராத்திரி விருதுநகர்ல பாப்போம்" என்று ஏதோ பெரிய பயணம் போகிற மாதிரி சொல்லிவிட்டு நடந்தார். பெட்டி எந்தப் பக்கம் என்று அவள் கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

வாஞ்சி மணியாச்சி வந்தது. 1911 ஜூன் 17ம் தேதி ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்ட ஸ்டேஷன். வ.உ.சி.யின் கப்பல் கதையில் வருகிற அதே ஆஷ்தான். இருட்டில் போர்டு மட்டும் தெரிந்தது. காலையில் என்றால் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். நாலைந்து பெட்டி தள்ளி, கூட்டத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார். போன் பண்ணினாள்.

"யப்பா, இது மணியாச்சி."

"தெரியுதே, வண்டி மெதுவாப் போற சத்தம். அடுத்து கோவில்பட்டி. நீ தூங்கு."

அவள் தூங்கவில்லை. கோவில்பட்டி, சாத்தூர். பத்து மணிக்கு மேல் விருதுநகர். ரயில் நிற்கிறது கொஞ்ச நேரம்தான். அவள் கதவருகே வந்து நின்றாள். பிளாட்பாரத்தில் அம்மா தூக்குவாளியோடு நின்றாள். முன்னாலிருந்து அப்பா, பெட்டி நம்பர் படிக்க முடியாமல், ஒவ்வொரு கதவாக முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யப்பா! இங்க! இங்க!" என்று கத்தினாள். சத்தத்தை வைத்துச் சரியாக வந்துவிட்டார்.

அம்மா புளியோதரைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, "இங்கயே ஏறியிருக்கலாம்ல? வெயில்ல அவ்வளவு தூரம் போய், அப்படி என்னத்தத்தான் பாத்தீங்க?" என்றாள்.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாதா கோயிலு, கப்பலு, எல்லாம் பார்த்தோம்" என்றார் அப்பா. ரயில் நகர ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். தூண் ஒன்று இருந்தது.

மறுநாள் காலை எழும்பூரில் இறங்கிப் பேக்கைத் திறந்தால் மக்ரூன் பாக்கெட்டைக் காணோம். கூட்டத்தில் ஏறும்போது அப்பாவின் பையிலேயே தங்கிவிட்டது. சர்க்கரைக்காரர் கையில் ஒரு பாக்கெட் மக்ரூன்! அம்மா எண்ணிப் பார்த்து, ரெண்டு குறைகிறது என்று கண்டுபிடித்து, மீதியை டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிட்டாளாம் :)

லேசருக்குத் தேதி வாங்கியாயிற்று. சீட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் ஆடிப்போன போட்டோதான். தேதி படிக்க முடிகிறது.